சோதனை நிரலும் கெர்னலுக்குள்தான் ஓடுகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கெர்னல் பணியில் டெல்டா மாவட்ட மாணவர்கள் நுழைவதற்கு வழி சொல்லும் கட்டுரை ஒன்று சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வெளியாகியிருந்தது. மன்னார்குடி வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியியல் மாணவர்களுக்கு சி மொழி கற்பித்து வருபவன் என்ற முறையில் அக்கட்டுரையை வரவேற்கிறேன். சென்னைக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே உலகமெங்கும் ஓடும் ஒரு மென்பொருளில் கை வைக்கலாம் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. ஆனால், புதியவர்கள், பிற நிரல்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் சோதனை நிரல்களிலிருந்து தொடங்கட்டும், அங்கே தவறு நேர்ந்தாலும் யாருக்கும் பாதிப்பில்லை என்ற பொருளில் அதில் ஒரு வரி வந்திருந்தது. அவ்வரியின் முற்பாதியை ஏற்றுக்கொண்டு பிற்பாதியை மறுப்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நாளிதழுக்கு எழுதும் கடிதத்துக்கு இது நீளம்தான், பொறுத்தருள வேண்டும்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கருப்பகுதி. சாதாரண செயலி ஒன்று தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டால், கெர்னல் அந்தச் செயலியை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றிவிடும். கெர்னலே தவறான முகவரியைத் தொட்டால் காப்பாற்றுவதற்கு அதற்கு மேலே ஆள் கிடையாது. கேயூனிட் என்ற சோதனை அமைப்பு, 2020 ஜனவரியில் வெளிவந்த 5.5 பதிப்பிலிருந்து லினக்ஸின் ஒரு பகுதியாக இருந்து வருகிறது. அதில் எழுதப்படும் சோதனைகள் கெர்னலோடு சேர்த்தே கம்பைல் செய்யப்பட்டு (அதாவது இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டு), அல்லது ஓடும் கெர்னலில் செருகும் மாட்யூலாகப் பின்னர் ஏற்றப்பட்டு, கெர்னலின் அதே நினைவகத்தில் அதே அதிகாரத்தோடு ஓடுகின்றன. பெயர் சோதனை என்பதால் அதைச் சுற்றித் தனியாக வரப்பு எதுவும் கட்டப்படுவதில்லை. கட்டுரையாளரின் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: கேயூனிட்டை வழக்கமான முறையில் இயக்கினால், கெர்னலையே ஒரு சாதாரண நிரல் போல ஓட்டிக் காட்டும் யூசர் மோட் லினக்ஸ் என்ற ஏற்பாட்டுக்குள் அது ஓடும், அங்கே விழுந்தால் அந்த நிரல் மட்டுமே விழும், கணினிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எல்லாச் சோதனைகளும் அந்த வேலிக்குள் நின்றுவிடுவதில்லை.

சுட்டி என்று பாடநூலும் பாயிண்டர் என்று வகுப்பறையும் சொல்வது, நினைவகத்தில் உள்ள ஓர் இடத்தின் முகவரியை ஏந்தியிருக்கும் மாறியைத்தான். சி மொழியில் செயற்கூறுகளுக்கு (ஃபங்ஷன்களுக்கு) வெளியே அறிவிக்கப்படும் சுட்டி, மதிப்பு எதுவும் இடாவிட்டால் சுழியமாக இருக்கும் என்பதற்கு உறுதி உண்டு. செயற்கூறுக்குள் சாதாரணமாக அறிவிக்கப்படுவதற்கும், கேட்டுப் பெறும் நினைவகத்துக்குள் அமர்வதற்கும் அந்த உறுதி கிடையாது. வேலைவாய்ப்புத் தேர்வுகளுக்குப் பயிற்சி பெறும் எந்த மாணவரைக் கேட்டாலும், மதிப்பு இடாத மாறியில் என்ன இருக்கும் என்பதற்கு "கார்பேஜ் வேல்யூ" என்று கேள்வி முடிவதற்குள் பதில் வரும். விடை சரிதான், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்தச் சொல் மாணவர்களின் மனத்தில் பதிக்கும் படம் தவறானது. குப்பை என்றதும் அவர்கள் ஏதோ கண்டபடி கலைந்து கிடக்கும் எண்ணை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கே இருப்பது அந்த இடத்தில் முன்னர் குடியிருந்தவர் விட்டுப்போன மதிப்பு. அது பெரும்பாலும் ஒழுங்கானது. பல வேளைகளில் சற்று முன்புவரை சரியாக இருந்த ஒரு முகவரியே. கண்டபடியான எண்ணாக இருந்தால் நிரல் உடனே விழும், பிழையும் அன்றே தெரிந்துவிடும். நேற்று வரை செல்லுபடியான முகவரியாக இருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர், வன்பொருளைக் கெர்னலோடு இணைக்கும் ஒரு சிறிய சாதன இயக்கிக்குக் (டிவைஸ் டிரைவருக்கு) கேயூனிட் சோதனை எழுதினார். கேயூனிட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஓடும் தொடக்கச் செயற்கூறு ஒன்றும், பின்னால் ஓடும் முடிவுச் செயற்கூறு ஒன்றும் உண்டு. அவருடைய தொடக்கச் செயற்கூறு, சோதனைக்கு வேண்டிய விவரங்களை வைத்துக்கொள்ள ஒரு கட்டமைப்புக்கு நினைவகம் கேட்டுப் பெற்றது. அடுத்து ஒரு போலிச் சாதனத்தைக் கெர்னலில் பதிவு செய்தது. அதன் பிறகு தரவு வைப்பதற்கு இன்னொரு நினைவகத் துண்டைப் பெற்று, அதன் முகவரியைக் கட்டமைப்பில் இருந்த சுட்டியில் எழுதியது. முடிவுச் செயற்கூறு அந்தச் சுட்டி காட்டிய துண்டை விடுவித்தது. படித்துப் பார்த்தபோது எனக்கும் இதில் குறை எதுவும் தெரியவில்லை. கல்லூரிக் கணினியில் மாட்யூலாக ஏற்றி ஓட்டுவதற்கு அனுமதி கொடுத்தவனும் நானே.

முதல் முறை ஓட்டியபோது எல்லாம் தேர்ச்சி. அதே சோதனையை மறுபடி ஓட்டியபோது, அந்தப் பெயரில் ஒரு சாதனம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லித் தோல்வி காட்டியது. முடிவுச் செயற்கூறில் சாதனத்தை நீக்கும் வரியை எழுத அவர் மறந்திருந்தார். அது வேறு பிழை, உடனே கண்ணில் பட்டது. ஆனால் தோல்விச் செய்தி வந்து சில நிமிடங்கள் கழித்து, யாரும் எதையும் தொடாதபோது, கணினி முழுவதுமாக நின்றது. திரையில் வந்த கெர்னலின் அலறலில் இருந்தது கோப்பு முறைமையின் பெயர். மீண்டும் முயன்றபோது அதே போல நின்றது, இம்முறை பிணைய (நெட்வொர்க்) பகுதியில். சோதனைக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. நின்ற இடம் ஒவ்வொரு முறையும் மாறியதால், "ராம் போயிடுச்சு சார்" என்று ஆய்வக உதவியாளர் தீர்ப்பு வழங்கினார். ராம் அட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, ஊதிவிட்டு மாட்டினார். கணினியைத் திறந்து சோதனையை ஓட்டினோம், தேர்ச்சி. ரப்பர் வைத்தியம் பலித்துவிட்டது என்று எல்லோரும் தேநீர் குடிக்கப் போனோம். மறுதொடக்கத்துக்குப் பிறகு ஓடும் முதல் ஓட்டம் எப்போதுமே தேறும் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

இதில் விந்தை என்னவென்றால், மாணவியின் சொந்த மடிக்கணினியில் சோதனையை எத்தனை முறை ஓட்டினாலும் அது நின்றதே இல்லை. இரண்டாம் ஓட்டத்தில் பெயர் மோதுகிறது என்ற தோல்வியோடு நாகரிகமாக முடிந்துகொண்டது. ஆகவே கல்லூரிக் கணினியின் மீதான ஐயம் இன்னும் உறுதிப்பட்டது. புதிய ராம் அட்டை கேட்டு நான் முதல்வர் அலுவலகத்துக்குக் கடிதமே எழுதிவிட்டேன்.

நடந்தது இதுதான். கேயூனிட்டில் தொடக்கச் செயற்கூறு பாதியில் தோற்றாலும் முடிவுச் செயற்கூறு ஓடியே தீரும். அரைகுறையாக நிற்கும் நிலையையும் அது தாங்கும்படி எழுதுங்கள் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. இரண்டாம் ஓட்டத்தில் சாதனப் பதிவு தோற்றவுடன் தொடக்கச் செயற்கூறு அங்கேயே திரும்பிவிட்டது. தரவுத் துண்டின் முகவரியை எழுதும் வரிக்கு அது போகவே இல்லை. ஆனால் முடிவுச் செயற்கூறு ஓடியது, எழுதப்படாத அந்தச் சுட்டியை எடுத்து, அது காட்டிய இடத்தை விடுவித்தது. அந்தச் சுட்டியில் என்ன இருந்திருக்கும்? கெர்னலின் நினைவக ஒதுக்கீட்டாளர், சற்று முன் விடுவிக்கப்பட்ட துண்டையே அடுத்து அதே அளவில் கேட்பவருக்குக் கொடுக்க முற்படும் இயல்புடையது. ஆக, இரண்டாம் ஓட்டத்தின் கட்டமைப்பு அமர்ந்தது பெரும்பாலும் முதல் ஓட்டத்தின் கட்டமைப்பு இருந்த அதே இடத்தில். சுட்டியில் இருந்தது முதல் ஓட்டத்தின் தரவுத் துண்டு முகவரி. அந்தத் துண்டு முதல் ஓட்டத்தின் முடிவிலேயே விடுவிக்கப்பட்டு, இதற்குள் கோப்பு முறைமையிடமோ பிணையப் பகுதியிடமோ போய்ச் சேர்ந்திருந்தது. பிறர் குடியிருக்கும் வீட்டைக் காலி என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். கணினி நின்றது எங்கள் நல்ல காலம். நிற்காமல், ஆய்வகத்துக் கோப்பு ஒன்றில் சத்தமில்லாமல் தவறான தரவு எழுதப்பட்டிருந்தால், அது என்றைக்குத் தெரிய வந்திருக்குமோ!

மடிக்கணினியில் ஏன் நிற்கவில்லை என்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது. கேட்டுப் பெறும் நினைவகத்தைக் கொடுக்கும்போதே சுழியத்தால் நிரப்பிக் கொடுக்கும் ஓர் அமைப்பு, 2019-இல் வெளிவந்த 5.3 பதிப்பிலிருந்து கெர்னலில் உண்டு. மாணவி தன் கெர்னலை அமைத்தபோது, அது இயக்கப்பட்டிருந்த ஓர் அமைவுக் கோப்பை அப்படியே நகலெடுத்திருந்தார். எனவே அவருடைய கணினியில் எழுதப்படாத சுட்டி சுழியமாக இருந்தது. சுழியச் சுட்டியை விடுவிக்கச் சொன்னால் கெர்னல் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும் என்பது விதி. கல்லூரிக் கணினியின் கெர்னலில் அந்த அமைப்பு இல்லை. பயனர்களின் கணினியில் அது ஓர் அரிய பாதுகாப்பு. பிழை தேடுபவர்களுக்கோ அது பிழையை மூடும் பாய். பாதுகாப்புக்காகப் போட்டதைச் சோதனையின்போது எடுத்துவிட வேண்டும் என்ற எளிய பாடத்தை இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

சரி, எப்படிப் பிடிப்பது? கம்பைலரின் எச்சரிக்கைதான் முதல் வலை. அறிவித்த செயற்கூறுக்குள்ளேயே மதிப்பு இடாமல் பயன்படுத்தப்படும் சுட்டியை ஜிசிசி, கிளாங் என்ற இரு கம்பைலர்களும் நன்றாகவே கண்டுபிடிக்கும். ஆனால் எங்கள் பிழையில் சுட்டி இருந்தது கேட்டுப் பெற்ற நினைவகத்துக்குள். எழுத வேண்டியது ஒரு செயற்கூறு, படித்தது இன்னொரு செயற்கூறு. அந்த ஓட்டத்தைக் கம்பைலர் தொடர்ந்து வர முடியாது. மேலும், மதிப்பு இடப்படாமல் இருக்கலாம் என்ற ஐயத்தின் பேரில் ஜிசிசி தரும் ஒரு வகை எச்சரிக்கையை, பொய்யான அலறல்கள் மிகுந்துவிட்டன என்று கூறி லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2020-இல் கெர்னலின் வழக்கமான கட்டுமானத்திலிருந்து நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பொய் எச்சரிக்கை பெருகினால் அதைப் படிப்பதை விட்டுவிட்டு வாயை அடைப்பதற்கே மனிதர்கள் வழி தேடுவார்கள். கெர்னலிலேயே ஒரு காலத்தில், மாறியை அதற்கே சமமாக்கிக் கம்பைலரை ஏமாற்றும் ஒரு மேக்ரோ (சுருக்கக் கட்டளை) புழக்கத்தில் இருந்தது. மெய்யான பிழைகளையும் அது சேர்த்தே மூடியதால், அதே 2020-இல் அதை வேரோடு எடுத்தார்கள். ஆனால் அந்த எச்சரிக்கையைத் தேவைப்படும்போது கேட்டுப் பெறும் வழி இன்றும் உண்டு என்பதையும், சொந்தமாக எழுதிய நூறு இருநூறு வரிகளுக்கு அதை இயக்கிப் பார்ப்பதில் யாருக்கும் சிரமமில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்து, ஓடும்போதே கண்காணிக்கும் கருவிகள். உரிமையில்லாத நினைவகத்தைத் தொடுவதைப் பிடிக்க 2015-இல் 4.0 பதிப்போடு வந்த கேசான் என்ற கருவியைத்தான் நாங்கள் முதலில் முயன்றோம்; பிழை மறைந்தே போயிற்று. விடுவித்த துண்டை உடனே இன்னொருவருக்குக் கொடுக்காமல் சிறிது காலம் ஒதுக்கி வைப்பது அதன் வேலை முறை. அதனால் இரண்டாம் ஓட்டத்துக்கு வேறொரு துண்டு கிடைத்து, அதில் சுட்டியின் இடத்தில் தற்செயலாகச் சுழியம் இருந்துவிட்டது. ஊர் வழக்கில் சொன்னால், இந்த வயல் உன்னுடையதா என்று பட்டாவைக் கேட்பது கேசான். அந்த வயலில் விதைத்தாயா என்று அது கேட்பதில்லை. விதைத்தாயா என்று கேட்பது கேஎம்சான். நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியிலும் யாராவது மதிப்பு எழுதினார்களா என்பதற்கு ஒரு நிழல் கணக்கும், எழுதாவிட்டால் அந்த இடம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்னொரு கணக்கும் அது வைத்துக்கொள்கிறது. இது 2022 டிசம்பரில் 6.1 பதிப்போடுதான் கெர்னலில் சேர்ந்தது. இதே வேலையை ஓரளவு செய்துவந்த கேமெம்செக் என்ற பழைய கருவி, ஒரே ஒரு செயலகத்தில் மட்டும் மிக மெதுவாக ஓடக்கூடியது. அது 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், எழுதப்படாத நினைவகத்தை ஓட்டத்தில் பிடிக்கும் கருவி எதுவும் அதிகாரபூர்வ கெர்னலுக்குள் இல்லை. உலகின் தலைசிறந்த பொறியாளர்கள் கவனிக்கும் நிரலுக்கே இந்த நிலை என்றால், இது எளிதான வேலை அல்ல என்பது புரியும்.

கேஎம்சானை இயக்குவது சற்றுப் பொறுமையைச் சோதிக்கும். அதற்குக் கிளாங் கம்பைலர் வேண்டும். யூசர் மோட் லினக்ஸில் அது ஓடாது, 64 பிட் கெர்னலில்தான் ஓடும்; அதைக் கியூஎமு போன்ற, கணினிக்குள் கணினியாக நடிக்கும் மெய்நிகர் கணினியில் ஓட்டுவதே எளிது. நிழல் கணக்குகளுக்காக நினைவகமும் பல மடங்கு பிடிக்கும். முன்னர் சொன்ன சுழியத்தால் நிரப்பும் அமைப்பையும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் எல்லா இடத்திலும் எழுதப்பட்டுவிட்டதாகவே கணக்காகும். மறந்துவிட்டால் கெர்னலே தொடங்கும்போது ஒரு வரி எழுதி நினைவூட்டுகிறது. காலையில் கம்பைல் செய்யத் தொடங்கினோம். நடுவில் ஒரு முறை மின்சாரம் போய், மதிய உணவுக்குப் பிறகுதான் கெர்னல் தயாரானது. சோதனையை இரண்டாம் முறை ஓட்டியவுடன் அறிக்கை வந்தது. எழுதப்படாத மதிப்பு பயன்படுத்தப்பட்ட இடம் முடிவுச் செயற்கூறின் இந்த வரி, அந்த நினைவகம் பிறந்தது தொடக்கச் செயற்கூறின் இந்த வரி என்று இரண்டையும் அது காட்டியது. வாரக்கணக்கில் ராமைச் சந்தேகித்த ஆய்வகத்தில், அறிக்கையைப் படித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நினைவகம் கேட்கும்போது அதைச் சுழியத்தால் நிரப்பித் தரச் சொல்லும் வேறொரு செயற்கூறு கேயூனிட்டிலேயே உண்டு. பெயரில் 'எம்' இருக்கும் இடத்தில் 'இசட்' வரும். மாணவி செய்த திருத்தம் அந்த ஓர் எழுத்தும், சாதனத்தை நீக்கும் வரியும்தான். அதன் பிறகு, நினைவகக் கோரிக்கைகளை வேண்டுமென்றே தோற்கச் செய்யும் ஃபெயில்ஸ்லாப் என்ற வசதியையும் இயக்கி, தொடக்கச் செயற்கூறு எந்த வரியில் அறுந்தாலும் முடிவுச் செயற்கூறு தாங்குகிறதா என்று அவரே பார்த்தார். அதை நான் சொல்லித் தரவில்லை.

கணினியை நிறுத்தும் பிழையைப் பற்றி இவ்வளவு எழுதினேன். எனக்கு இதைவிட அச்சம் தருவது எதையும் நிறுத்தாத வகை. சில ஆண்டுகளுக்கு முன் குறுவை அறுவடையின்போது எங்கள் பங்காளி ஒருவர் நெல்லை ஒரு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். உடன் நானும் போயிருந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரப்பத மானியில் நெல்லைப் போட்டவர், யாரோ கூப்பிட்டதில் கவனம் சிதறி, அளக்கும் விசையை அழுத்தாமலே திரையில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார். அது எங்களுக்கு முன்னால் நின்றவரின் நெல்லுக்கு வந்த எண். அது 17-க்குள் இருந்தது. எங்கள் மூட்டைகள் உள்ளே போய்விட்டன. எண் பாதகமாக இருந்திருந்தால் அங்கேயே சண்டை பிடித்து மறுபடி அளக்கச் சொல்லியிருப்போம். சாதகமாக இருந்ததால் வாயைத் திறக்காமல் ஊர் வந்து சேர்ந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

சோதனை நிரலிலும் இதேதான் நடக்கிறது. ஒரு செயற்கூறிடம் நம் சுட்டியின் முகவரியைக் கொடுத்து, விடையை அதில் எழுதித் தரச் சொல்கிறோம். வெற்றி என்றால் அது எழுதும். தோல்வி என்றால் பிழை எண்ணைத் திருப்பித் தந்துவிட்டுச் சுட்டியைத் தொடாமல் விட்டுவிடும். சோதனை எழுதுபவர் பிழை எண்ணைப் பார்க்காமல் நேரே சுட்டி காட்டும் இடத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார். பத்து வகை உள்ளீடுகளுக்கு ஒரே சோதனையைச் சுற்றுச் சுற்றாக ஓட்டும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுட்டி நினைவகத்தில் பெரும்பாலும் அதே இடத்தில்தான் அமரும். ஆறாம் சுற்றில் இயக்கி தோற்றிருந்தாலும், சுட்டியில் ஐந்தாம் சுற்றின் சரியான விடை அப்படியே உட்கார்ந்திருக்கும். சோதனை தேர்ச்சி என்று பச்சை காட்டும். சுட்டியின் முகவரியை வேறொரு செயற்கூறுக்குக் கொடுத்துவிட்டதால், அங்கே மதிப்பு எழுதப்பட்டிருக்கும் என்று நம்பிக் கம்பைலரும் எச்சரிக்காது. செயற்கூறுகளைத் தாண்டிப் பின்தொடரும் ஸ்மாட்ச் போன்ற ஆய்வுக் கருவிகளும் கேஎம்சானும்தான் இங்கே உதவும். தோல்வியைத் துருவிப் பார்க்க ஆள் உண்டு. தேர்ச்சியை யாரும் துருவுவதில்லை. கட்டுரையாளர் யாருக்கும் பாதிப்பில்லை என்று சொன்னபோது, இப்படிப் பொய்த் தேர்ச்சி பெற்ற இயக்கி போய்ச் சேரும் கணினிகளை நினைத்துப் பார்க்கவில்லை என்று கருதுகிறேன்.

இதற்கெல்லாம் எளிய தீர்வாக, எந்தச் சுட்டியை அறிவித்தாலும் உடனே சுழியத்தை இட்டுவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். முடிவில் விடுவிக்கப்பட வேண்டிய சுட்டிக்குச் சுழியம் இடுவது மிகச் சரி. செயற்கூறை விட்டு வெளியேறும்போது சுட்டியைத் தானே விடுவிக்கும் வசதி 2023-இல் 6.5 பதிப்பிலிருந்து கெர்னலில் வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துபவர்கள், மதிப்பு இடுவதற்கு முன்பே திரும்பும் ஒரு வழியை விட்டுவைத்தால் குப்பையை விடுவித்து மாட்டிக்கொள்வார்கள். ஆகவே அங்கே அறிவிக்கும் வரியிலேயே மதிப்பையும் இடுவது கட்டாயப் பழக்கமாக வேண்டும். ஆனால் எதிர்பார்க்கும் விடையை ஏந்த வேண்டிய சுட்டிக்குக் கைப்பழக்கமாகச் சுழியத்தை இட்டுவைத்தால், ஒரு கிளையில் விடையை எழுத மறந்ததைக் கம்பைலர் சொல்லும் வாய்ப்பை நாமே கெடுத்துக்கொள்கிறோம். அத்தகைய சுட்டியை, விடை கையில் கிடைக்கும் வரியில் அறிவிப்பதே நல்லது. அதற்கு முன் அறிவித்தால் வெறுமையாகவே விட்டு, கம்பைலர் கத்துவதற்கு இடம் கொடுக்க வேண்டும். என் சக ஆசிரியர்கள் சிலர் இதை ஏற்பதில்லை.

எங்கள் வகுப்பறைகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நீல நிறத் திரையோடு வரும் டர்போ சி என்ற பழைய கம்பைலரை, அது பிறந்த டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலம் முடிந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும், போலி டாஸ் சூழலுக்குள் வைத்து ஓட்டும் ஆய்வகங்கள் இன்றும் இருக்கின்றன. டாஸில் நினைவகப் பாதுகாப்பு என்ற ஒன்றே கிடையாது. மதிப்பு இடாத சுட்டி வழியாக எழுதினாலும் பல வேளைகளில் ஒன்றும் நடக்காது; விடை திரையில் சரியாக வரும், ஆய்வகப் பதிவேட்டில் கையெழுத்தும் விழும். மிஞ்சிப்போனால் நிரல் முடிந்த பிறகு, சுழியச் சுட்டி வழியாக எழுதப்பட்டது என்று ஒரு வரி வந்து போகும். அதை யாரும் படிப்பதில்லை. அங்கே கை பழகிய மாணவரை நேரே கெர்னல் சோதனைக்கு அனுப்பினால், முந்தைய பழக்கத்தோடுதான் போவார். ஜிசிசியில் எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கி, எச்சரிக்கை ஒன்று இருந்தாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஆசிரியர்கள் முடிவெடுத்தால் அதற்குப் பைசா செலவில்லை. வால்கிரைண்ட் என்ற இலவசக் கருவியைக் கொண்டு, சாதாரண சி நிரல்களில் இதே வகைப் பிழையை இரண்டாம் பருவத்திலேயே காட்டிவிடலாம். கெர்னல் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே, சோதனை நிரல்களிலிருந்து தொடங்குமாறு மாணவர்களுக்குச் சொன்ன தங்கள் கட்டுரையாளரின் அழைப்பு நிற்கட்டும். யாருக்கும் பாதிப்பில்லை என்ற அந்த வரியை மட்டும் அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இத்தொடர் மேலும் வருவதாக இருந்தால், ஒரு வாரத்தை மதிப்பு இடாத சுட்டிகளுக்கும், முடிவுச் செயற்கூறு அரைகுறை நிலையைத் தாங்கும்படி எழுதும் முறைக்கும் ஒதுக்கினால், எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பேருதவியாக இருக்கும். புதிய ராம் அட்டை கேட்டு நான் எழுதிய கடிதத்தை முதல்வர் அலுவலகத்திலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன். ரப்பரால் தேய்த்த பழைய அட்டை அதே கணினியில் இன்றும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கணினித் துறை ஆசிரியர்,
மன்னார்குடி.